பிளக் சூடாகிறதா, ஒயரை ஆட்டினால்தான் ஓடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மிக்ஸி ஓடவில்லை, அயர்ன் பாக்ஸ் சூடேறவில்லை, கெட்டில் போட்டால் தீய்ந்த வாடை என்று ரிப்பேருக்கு வருகிற பொருட்களில் பலவற்றுக்கு உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. கோளாறு ஒயரிலோ பிளக்கிலோ இருக்கும். ஏற்கெனவே யாரோ ஒயரை மாற்றியும் கொடுத்திருப்பார்கள், ஆனால் தவறான ஒயர். "நல்லா தடிமனா பாத்துத்தாங்க வாங்கினேன்" என்பார்கள். தடிமன் ரப்பரில் இருக்கும், செம்பில் இருக்காது.

உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும்.

## கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஒயரைத் தொட வேண்டும். போர்டில் பேஸும் (கரண்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பும் ஒயர்) இடம் மாறியிருக்கும் வீடுகள் நிறைய உண்டு. அங்கே சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஒயரில் கரண்ட் இருக்கும்.

ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு டெஸ்டர், பீப் சத்தம் தரும் சாதாரண மல்டிமீட்டர், ஒரு சின்ன காந்தம். இவ்வளவுதான் தேவை.

ஒரே ஒரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட்ஸை 230-ஆல் வகுத்தால் அது இழுக்கும் ஆம்ப்ஸ் கிடைக்கும். 750 வாட்ஸ் மிக்ஸி 3.3 ஆம்ப்ஸ். 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் 4.3. 1500 வாட்ஸ் கெட்டில் அல்லது வாட்டர் ஹீட்டர் ராடு 6.5. 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பு 8.7. 3000 வாட்ஸ் கீசர் 13. நம் ஊர் சின்ன சாக்கெட் 6 ஆம்ப்ஸுக்கானது, பெரிய பவர் சாக்கெட் 16 ஆம்ப்ஸுக்கானது. இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## அறிகுறி: பிளக் சூடாகிறது, பழுப்பேறுகிறது, வாடை வருகிறது

அதிகம் வருவது இதுதான், தீ விபத்துக்குப் போவதும் இதுதான்.

1500 வாட்ஸ் பொருள் ஓடும்போது பிளக் லேசான வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். பத்து நொடி சேர்ந்தாற்போலப் பிடித்திருக்க முடியவில்லை என்றால் சகஜம் இல்லை. பழுப்புக் கறையோ வாடையோ இருந்தால் சூடு எவ்வளவு என்றெல்லாம் பார்க்க வேண்டாம், அந்த இடத்தில் அந்தப் பிளக்கைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

பொருளைப் பத்து நிமிடம் ஓட விட்டு, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உடனே சூடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின்னைத் தொடும்போது கவனம், சுட்டுவிடும்.

### பின் மட்டும் சுடுகிறது, அல்லது ஒரு பின் மட்டும் கறுத்திருக்கிறது

சாக்கெட் லூஸ். உள்ளே பின்னைக் கவ்வும் பித்தளைத் தகடு விரிந்துபோயிருக்கும். பிளக் சிரமமே இல்லாமல் உள்ளே போகும், தன் பாரத்திலேயே கீழே தொங்கும், சில சமயம் சர்ரென்று சத்தம் வரும். அதே பொருளை வீட்டில் வேறொரு பவர் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே பின் சுடவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம், பழைய சாக்கெட்டை மாற்ற வேண்டியதுதான்.

சாக்கெட்டோடு பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். கறுத்த பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால், அந்தக் கரடுமுரடான பின்னே கொஞ்ச நாளில் அதையும் கெடுத்துவிடும். சாக்கெட் மட்டும் மாற்றிவிட்டு "திரும்பவும் அதேதான் சார்" என்று வருபவர்களின் கதை பெரும்பாலும் இது.

எம்சிபியை (சுமை கூடினால் தானாக விழும் மெயின் பெட்டி சுவிட்ச்) இறக்கிவிட்டுப் போர்டைக் கழற்றியபோது பின்னால் வரும் ஒயரின் மேலுறை கருகி மொறுமொறுப்பாக இருந்தால் அப்படியே மூடி, எம்சிபியை ஏற்றாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கருகிய நீளம் முழுவதையும் வெட்டி எடுக்க வேண்டும், சில நேரம் சுவருக்குள்ளிருந்து புது ஒயர் இழுக்க வேண்டியிருக்கும்.

### பிளக்கின் உடம்பு சுடுகிறது

திருகிப் பூட்டும் வகைப் பிளக் என்றால் திறந்து பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்திருக்கும், அல்லது செம்பு இழைகளில் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, இழைகளை இறுக்கமாக முறுக்கி, திரும்பப் பூட்டுங்கள். நுனியில் ஈயம் வைத்துப் பூட்டுவது பலருக்கும் பழக்கம். செய்யாதீர்கள். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் ஈயம் மெதுவாக நசுங்கி, சில மாதத்தில் பழையபடி லூஸாகிவிடும்.

பூட்டும்போது இன்னும் இரண்டு விஷயம். எர்த் ஒயரை மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், யாராவது ஒயரைப் பிடித்து இழுத்தாலும் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்கும். அப்புறம், பிளக்குக்குள் இருக்கும் கிளாம்ப் ஒயரின் வெளியுறையைக் கவ்வ வேண்டும், உள்ளே இருக்கும் தனித்தனி ஒயர்களை அல்ல.

வார்த்து ஒட்டிய, திறக்க முடியாத பிளக் என்றால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். அதைச் சரிசெய்ய வழியில்லை.

### ஒயர் முழுக்க ஒரே சீராகச் சுடுகிறது

ஒயர் போதவில்லை. பிளக்கை மாற்றிப் பயன் இல்லை, ஒயரையே மாற்ற வேண்டும். கடையில் கேட்க வேண்டிய அளவு ஏறக்குறைய இப்படி (ஸ்கொயர் எம்எம் என்பது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு):

- டிவி, டேபிள் ஃபேன், மிக்ஸி போல 6 ஆம்ப்ஸுக்குள் நிற்பவை: 0.75 ஸ்கொயர் எம்எம்
- 6 முதல் 10 ஆம்ப்ஸ் வரை, ஒன்றிரண்டு மீட்டர் நீளத்துக்குள்: 1 ஸ்கொயர் எம்எம். வித்தியாசம் சில பத்து ரூபாய்தான் என்பதால் நான் இங்கேயும் ஒன்றரையே போடச் சொல்வேன்
- பெரிய பிளக்கோடு வரும் கெட்டில், இண்டக்‌ஷன், கீசர்: 1.5 ஸ்கொயர் எம்எம்
- ஏசி, அல்லது நீளமான இழுவையில் ஓடும் கனமான பொருட்கள்: 2.5 ஸ்கொயர் எம்எம்

எல்லாமே த்ரீ கோர், அதாவது உள்ளே மூன்று ஒயர் உள்ளது. அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் நூல் சுற்றிய ரப்பர் ஒயர்தான். சாதாரண பிவிசி ஒயர் சூடான அடித்தட்டில் ஒரு முறை பட்டாலே உருகி உள்ளே செம்பு தெரிந்துவிடும்.

### பொருளில் செருகும் முனை சுடுகிறது

எலக்ட்ரிக் குக்கர், கெட்டில் போன்ற, ஒயரைத் தனியாகக் கழற்றும் பொருட்களில் பார்க்கலாம். குக்கரின் ஒயர் தொலைந்துபோக, வீட்டில் கிடந்த கம்ப்யூட்டர் ஒயரை மாட்டியிருப்பார்கள். முனை பார்க்க ஒரே மாதிரிதான். ஆனால் கம்ப்யூட்டர் முனை 70 டிகிரி வரைதான் தாங்கும், சூடாகும் பொருட்களுக்கான முனை 120 டிகிரி வரை தாங்கும். சூடு தாங்குவதில் ஒரு பக்கம் சின்ன பள்ளம் இருக்கும், அதற்குப் பொருந்தும் மேடு பொருளில் இருக்கும். சாதாரண ஒயர் உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். கத்தியால் பள்ளம் வெட்டி நுழைத்து எடுத்து வருபவர்களும் உண்டு! கம்ப்யூட்டர் ஒயரின் மேலுறையில் பெரும்பாலும் 0.75 என்றுதான் அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

முனைக்குள் பித்தளை கறுத்திருந்தால், பொருளில் இருக்கும் பின்களையும் பாருங்கள். அவையும் கறுத்து ஆடினால் ரிப்பேர் கடைக்கு.

## அறிகுறி: ஒயரை ஆட்டினால், மடக்கினால்தான் ஓடுகிறது

ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. பத்தில் ஒன்பது நேரம் பிளக்கின் கழுத்திலோ பொருளின் கழுத்திலோ இருக்கும், நடுவில் அல்ல. பிளக்கைப் பிடிக்காமல் ஒயரைப் பிடித்து இழுப்பதாலும், மிக்ஸியைச் சுற்றி இறுக்கிச் சுற்றி வைப்பதாலும் வருவது.

ஒயர் கழற்றக்கூடியது என்றால் மல்டிமீட்டரை பீப்பில் வைத்து, இரு முனைகளிலும் அதே கம்பியில் வைத்து, ஒயரை ஒரு சாண் ஒரு சாணாக மடக்கிக்கொண்டே போங்கள். பீப் எங்கே விட்டு விட்டு வருகிறதோ அங்கே அறுந்திருக்கிறது.

கழற்ற முடியாத ஒயருக்கும் வழி உண்டு. அயர்ன் பாக்ஸின் குமிழை முழுச் சூட்டுக்குத் திருப்பி வைத்து, பிளக்கின் இரண்டு சின்ன பின்களுக்கும் நடுவே ஓம்ஸ் அளந்து பாருங்கள். 1000 வாட்ஸ் என்றால் ஏறக்குறைய 53 ஓம்ஸ் காட்ட வேண்டும். 1500 வாட்ஸ் ராடு 35 காட்டும். இப்போது கழுத்தை மடக்குங்கள். எண் தாவித் தாவிக் காணாமல் போனால் ஒயர். எப்படி மடக்கினாலும் எண்ணே வரவில்லை என்றால் காயிலோ தெர்மோஸ்டாட்டோ போயிருக்கலாம், கடைக்கு எடுத்துப் போங்கள்.

அறுந்தது பிளக் பக்கம் என்றால் ஒரு ஜாண் வெட்டிவிட்டுப் புது பிளக் போட்டால் சரியாகிவிடும். பொருள் பக்கம் என்றால் உள்ளே திறக்க வேண்டும். மிக்ஸியும் ஃபேனும் பழகியவர்கள் தாங்களே செய்யலாம். கெட்டில், ராடு போன்று தண்ணீரோடு புழங்குபவற்றை வீட்டில் திறக்காதீர்கள், ரப்பர் அடைப்பு சரியாக உட்காரவில்லை என்றால் அடுத்து வரப்போவது ஷாக்.

இது "ஆட்டினால் ஓடுகிறதே" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடும் கோளாறு. அறுந்த இடத்தில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பொறி பறக்கும், ஒயர் அங்கிருந்துதான் தீப்பிடிக்கும்.

## அறிகுறி: தொட்டால் ஜிவ்வென்று ஷாக் அடிக்கிறது

பொருளைக் குற்றம் சொல்வதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். எர்த்துக்கான பெரிய பின் இருக்கிறதா? சாக்கெட்டில் நுழையவில்லை என்று ரம்பத்தால் அறுத்திருப்பார்கள், அல்லது த்ரீ பின் போய் டூ பின் போட்டிருப்பார்கள். எர்த் அங்கேயே போய்விட்டது.

பின் இருந்தால் அடுத்த சோதனை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பெரிய பின்னிலும் மறு முனையைப் பொருளின் பெயின்ட் இல்லாத ஸ்க்ரூவிலும் வையுங்கள். பீப் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒயருக்குள் எர்த் அறுந்திருக்கிறது, ஒயரை மாற்றுங்கள். முதுகில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி உள்ள பொருளுக்கு எர்த் கிடையாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதற்கு இந்தச் சோதனை வேண்டாம். ஆனால் அந்தக் குறி உள்ள பொருள் சுரீரென்று ஷாக் அடித்தால் அதை மறுபடி பிளக்கில் போடாதீர்கள்.

லேப்டாப்பின் உலோக உடம்பில் விரல் வைத்தால் மெல்லிய அதிர்வு மட்டும் தெரிகிறது என்றால் பயப்பட வேண்டாம். த்ரீ பின் சார்ஜருக்கு டூ பின் ஒயரோ கன்வெர்ட்டரோ மாட்டியிருப்பீர்கள். மூன்று பின் ஒயரை எர்த் உள்ள சாக்கெட்டில் போட்டால் நின்றுவிடும்.

ஒயரில் எர்த் சரியாக இருந்தும் ஷாக் அடித்தால், சந்தேகம் வீட்டின் எர்த் மேல் போக வேண்டும். சாக்கெட்டின் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே மாட்டாத வீடுகள் பழைய காலனிகளில் சாதாரணம். இங்கே நிறுத்திக்கொண்டு உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள். வருபவர் "எர்த் இல்லைன்னா என்ன, நியூட்ரல்ல ஒரு லூப் போட்டுத் தரேன்" என்று சாக்கெட்டின் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்தால் விடாதீர்கள். என்றைக்காவது நியூட்ரல் ஒரு இடத்தில் அறுந்தால், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் பேஸ் ஏறிவிடும்.

வீட்டில் பல பொருட்களில் ஒரே நேரத்தில் ஷாக், லைட்டுகள் சில பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிவது என்று இருந்தால் மெயினை அணையுங்கள். இது உங்கள் ஒயர் அல்ல, வெளியே நியூட்ரல் போயிருக்கலாம். தமிழ்நாட்டில் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

## அறிகுறி: பிளக்கைப் போட்டதும் எம்சிபி அல்லது ஆர்சிசிபி விழுகிறது

ஆர்சிசிபி என்பது கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் விழும் பாதுகாப்பு சுவிட்ச். கழற்றும் ஒயர் என்றால் பொருளை விட்டுவிட்டு வெறும் ஒயரை மட்டும் செருகிப் பாருங்கள், மறுமுனை எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் விழுந்தால் ஒயரைக் குப்பையில் போடுங்கள். விழவில்லை என்றால் பொருள்.

சுவிட்ச் போட்ட கணமே எம்சிபி விழுந்தால் ஷார்ட். பத்து நிமிடம் ஓடிவிட்டு விழுந்தால் அந்த லைனில் சுமை அதிகம், வேறு ஏதாவது சேர்ந்து ஓடுகிறதா பாருங்கள். சுவிட்சே போடவில்லை, பிளக்கைச் செருகியதுமே ஆர்சிசிபி விழுகிறது என்றால், ஒயரிலோ பொருளிலோ நியூட்ரலும் எர்த்தும் எங்கோ தொடுகின்றன. சுவிட்ச் பேஸை மட்டும்தானே அணைக்கிறது.

எதுவுமே செருகாமல் விழுந்தால் எலக்ட்ரீஷியன். ஆர்சிசிபியை பைபாஸ் செய்து தரச் சொல்லாதீர்கள்.

## அறிகுறி: ஜங்ஷன் பாக்ஸ் சூடாகிறது, துளை உருகியிருக்கிறது

அதில் ஆறு துளை இருக்கிறது என்பதால் ஆறு பொருள் போடலாம் என்று அர்த்தம் இல்லை. 6 ஆம்ப்ஸ் என்று எழுதிய பாக்ஸ் மொத்தமாகத் தாங்குவது 1380 வாட்ஸ். டிவி, ரூட்டர், செட் டாப் பாக்ஸ், இரண்டு சார்ஜர் போட்டால் பக்கத்திலேயே வராது. ஒரு கெட்டில் போட்டால் தாண்டிவிடும்.

இதில் மோசமான பழக்கம், பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் போட உதவும் கன்வெர்ட்டர். 16 ஆம்ப்ஸ் பின் 7 மில்லிமீட்டர் தடிமன், 6 ஆம்ப்ஸ் பின் 5 மில்லிமீட்டர். நுழையாதபடி வைத்திருப்பதே அந்தச் சின்ன சாக்கெட்டையும் அதன் பின்னால் வரும் ஒயரையும் காப்பாற்றத்தான். கன்வெர்ட்டரை வாங்குவதற்குப் பதில், சமையலறையில் ஒரு பவர் சாக்கெட் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மெயின் பெட்டியிலிருந்து தனி ஒயர் இழுக்க வேண்டும், இது எலக்ட்ரீஷியன் வேலை.

உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் ஒயர் சூடானால், முழுவதும் அவிழ்த்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சுற்றியே வைத்தால் உள்ளே இருக்கும் சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகும்.

உருகிய பாக்ஸைச் சரிசெய்து பயன்படுத்தாதீர்கள்.

## அறிகுறி: நீள ஒயரில் போட்டால் மோட்டார் திணறுகிறது

மொட்டை மாடிக்கோ தோட்டத்துக்கோ 25 மீட்டர் மெல்லிய ஒயர் இழுத்து அரை எச்பி மோட்டார் போட்டால் உம்மென்று மட்டும் சத்தம் வரும், சுற்றாது. மோட்டாரை நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டுப் பாருங்கள், ஓடினால் ஒயர்தான். 0.5 ஸ்கொயர் எம்எம் ஒயரில் மோட்டார் கிளம்பும்போது 15 ஆம்ப்ஸ் இழுத்தால் கிட்டத்தட்ட 30 வோல்ட் ஒயரிலேயே தொலைகிறது. 1.5-இல் 10 வோல்ட்தான். திணறும் மோட்டாரை இரண்டு மூன்று நிமிடம் விட்டுவைத்தால் காயில் கருகும், ஒயருக்கு மிச்சம் பிடித்த காசு ரீவைண்டிங்குக்குப் போகும்.

## அறிகுறி: உறையில் வெடிப்பு, எலிக்கடி

செம்பு தெரிந்தால் டேப் சுற்றாதீர்கள், மாற்றுங்கள். வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பின்னால் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் முறுக்கி டேப் ஒட்டிய இணைப்பு ஈரத் தரையில் கிடந்தால், அது வீட்டிலேயே ஆபத்தான பொருள்.

## மாற்று ஒயர் வாங்கும்போது

மேலுறையில் ஐஎஸ்ஐ குறி, ஸ்கொயர் எம்எம் அளவு இரண்டும் அச்சாகியிருக்க வேண்டும். ஐஎஸ்ஐ குறியோடு வரும் சிஎம்/எல் எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பாருங்கள், உரிமம் யார் பேரில் இருக்கிறது என்று காட்டும். குறி மட்டும் இருந்து எண் இல்லை என்றால் வேண்டாம்.

அப்புறம் காந்தம். பிளக்கின் பின்னில் வையுங்கள். பித்தளை ஒட்டாது. ஒட்டினால் இரும்பில் பித்தளை முலாம். ஒயரின் வெட்டிய நுனியிலும் வையுங்கள், ஒட்டினால் உள்ளே இரும்பு. அடுத்து ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தில் செம்பு பூசியது. அதே அளவு செம்பைவிடக் குறைவான கரண்ட்தான் தாங்கும், ஸ்க்ரூவுக்கு அடியில் சீக்கிரம் தளரும். மேலே சொன்ன சூட்டுக் கோளாறுகள் எல்லாம் அங்கே கூட்டாக வரும். கடைக்காரர் முன்னால் சுரண்டத் தயங்க வேண்டாம், நல்ல கடையில் கோபப்பட மாட்டார்கள்.

நிறம்: பழுப்பு பேஸ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய ஒயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. பிளக்குக்குள் எல், என், ஈ என்று எழுத்துகள் இருக்கும், அதைப் பார்த்துப் பூட்டுங்கள். மூன்று நிறமும் வரிசை மாறி வந்த மலிவு ஒயர்களும் சந்தையில் உண்டு என்பதால், பூட்டியபின் பீப் வைத்து ஒரு முறை சரிபாருங்கள்.

## அறிகுறி: வெளிநாட்டிலிருந்து வந்த பொருளின் பிளக் நிற்கவே மாட்டேன் என்கிறது

துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் கெட்டில், அயர்ன் பாக்ஸ்களில் தட்டையான மூன்று பின் இருக்கும். வோல்ட் பிரச்சினை இல்லை, அங்கேயும் நம்முடையதை ஒட்டியதுதான். பிரச்சினை அதை மாட்டும் யுனிவர்சல் அடாப்டர். பலவற்றில் எர்த் துளை வெறும் பிளாஸ்டிக், உள்ளே தகடே இல்லை. பின்னும் தொளதொளவென்று நிற்கும். மொபைல் சார்ஜருக்குப் பரவாயில்லை. 2000 வாட்ஸ் பொருளுக்கு அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிளக்கை வெட்டி நம் ஊர் 16 ஆம்ப்ஸ் த்ரீ பின் பிளக் போட்டுவிடுங்கள். அந்த ஊர்ப் பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கும், வெட்டும்போது அதுவும் போய்விடும். அதனால் அந்தச் சாக்கெட்டுக்கு 16 ஆம்ப்ஸுக்கு மேல் போகாத எம்சிபி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் முதலில் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் ஒயரை மட்டும் மாற்றினால் போதும். வெறும் 120 என்று இருந்தால் நம் சாக்கெட்டில் போட்ட நொடியில் புகைந்துவிடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். கெட்டிலுக்கும் ஹேர் டிரையருக்கும் அவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வாங்குகிற காசில் இங்கே புதுப் பொருளே வாங்கிவிடலாம்.